கீழிருந்து மேல்

தருமபுரம், காரைக்கால்

அன்புள்ள அப்பாவுக்கு, வெண்மதியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அம்மா மாத்திரையை மறக்காமல் போடுகிறாளா? நான் நலம்தான், இந்த ஊர்ச் சாப்பாடும் பழகிவிட்டது.

நீங்கள் வெட்டி அனுப்பிய குறுக்கெழுத்துகள் கிடைத்தன. உங்களுக்குக் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். எனக்கு ஒரு கட்டமே ஒரு வாரத்துக்கு ஓடும், அதுதான் பிடித்திருக்கிறது. நீங்கள் திட்டினாலும் இன்னும் பேனாவில்தான் எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன், பயப்படாதீர்கள். காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறேன். மாலையில் வந்து பார்த்தால், நான் தெரியாமல் விட்டுவைத்த சொல் ஒன்று பென்சிலில் நிரம்பியிருக்கிறது. எப்போதும் 'கீழிருந்து மேல்' சொல்தான். ஒருமுறைகூடத் தப்பில்லை.

வீட்டுக்கார ஆரிபா அக்காவிடம் காட்டினேன்.

"நான் மாடிக்கே வர்றதில்லியேம்மா. சாவியும் உங்கிட்டதான இருக்கு" என்றார். பிறகு எழுத்தை உற்றுப் பார்த்தார். "முந்தி இந்த ரூம்ல இருந்த டீச்சரம்மா எழுத்து மாதிரியே இருக்கு. அவங்க எறந்து ரெண்டு வருஷமாச்சே..." தாளை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நேற்று எல்லாச் சொல்லும் எனக்கே தெரிந்துவிட்டது. ஆனாலும் கீழிருந்து மேல் ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். யாரோ வந்துபோன வீட்டுக்குத் திரும்புவது நன்றாக இருக்கிறது, அப்பா.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த பார்சலில் எலுமிச்சை ஊறுகாய் வையுங்கள். பென்சிலும் இரண்டு வையுங்கள். மேசை டிராயரில் முன்பே கிடந்த பென்சில் தேய்ந்து தீர்ந்துவிட்டது.

உங்கள்
வெண்மதி