வெடிமருந்து அறையின் கதவு

கோவன், கிளாஸ்கோ
1916 அக்டோபர், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி மர்டோவுக்கு,

அக்கா எல்ஸ்பெத் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதுகிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி, எனக்குக் கண்ணெரிச்சல், இரண்டு பேருக்கும் அலுப்பு. நீ கேட்ட கம்பளிக் காலுறைகளைப் பின்னி முடித்துவிட்டேன், இதோடு வருகின்றன. குதிகால் கொஞ்சம் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வேலை முடிந்து வந்து தூங்கி வழிந்துகொண்டே பின்னியது.

உன் கடிதமும் புகைப்படமும் வந்து சேர்ந்தன. பீரங்கிப் போட்டியில் வென்ற கோப்பையை நடுவில் வைத்து, கப்பலில் உன்னோடு ஒரே பீரங்கிக் கூண்டில் வேலை செய்கிற ஆட்கள் எல்லோரும் நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறீர்கள். அம்மா அதைக் கணப்பு மேடையில் லாக்லன் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். மாடிப்படி ஏறுகிற ஒருவரையும் விடுவதில்லை. என் சின்ன மகன்தான் எல்லாரையும் விட வேகமாகப் பீரங்கி சுட்டவன் என்று உள்ளே இழுத்து வந்து காட்டுகிறாள். கரி மூட்டை கொண்டுவருகிறவர் இரண்டு முறை பார்த்துவிட்டார், பாவம்.

எனக்குத்தான் அந்தப் படத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. 'பழைய வழியிலேயே ஜெயித்தோம் அக்கா' என்று எழுதியிருந்தாய். கடிதத்தைத் தணிக்கை செய்த அதிகாரி அதை என்னவென்று நினைத்தாரோ. எனக்குப் புரிந்தது.

போன வசந்தத்தில் நீயும் அண்ணனும் ஒன்றாக விடுப்பில் வந்தபோது, இதே மேசையில் மத்தி மீனைத் தின்றுகொண்டு அடித்த பெருமை எனக்கு மறக்கவில்லை. பீரங்கிக்கான வெடிமருந்துப் பை ஒவ்வொன்றுக்கும் கூண்டுக்கு அடியிலுள்ள மருந்தறைக் கதவைத் திறந்து, பையை வாங்கி, மறுபடி சாத்த வேண்டும் என்பது விதி. அப்படித் திறந்து திறந்து சாத்தினால் எந்தக் காலத்தில் ஜெயிப்பது என்று அண்ணன் சிரித்தான். கதவை விரியத் திறந்து வைத்து, பைகளை முன்கூட்டியே வெளியே அடுக்கிக்கொள்வதை அவன்தான் உனக்குச் சொல்லிக்கொடுத்தான். எங்கள் கப்பல் கட்டும் தளத்தில் அந்தக் கதவின் வரைபடத்தைத் துணியில் மை போட்டுப் படியெடுத்தவள் நான். நான் நுணுக்கி நுணுக்கி வரைந்த கதவை இப்படிப் பரிகாசம் செய்கிறீர்களே என்று அன்று கோபித்துக்கொண்டேன். அந்தக் கோபம் என் படத்துக்காகத்தான், ஆபத்து என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.

மே மாதக் கடைசியில் நடந்த சண்டையில் அண்ணனுடைய கப்பல் வெடித்துப் போனது. எப்படிப் போனது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் கப்பலிலிருந்தே புகை தெரிந்தது என்றாய்.

அது முதல் எங்கள் வரைபட அறைக்குக் கடற்படைக் காரியாலயத்திலிருந்து கேள்விமேல் கேள்வி வருகிறது. மேல்தளத் தகட்டின் கனம் என்ன, இன்னும் கனமாக்கினால் கப்பல் எவ்வளவு அமிழும், ஓட்டம் எவ்வளவு குறையும் என்று. ஓட்டம் வேண்டும் என்று தகட்டை மெல்லிசாகக் கேட்டு வாங்கியவர்களும் இவர்கள்தான். ஒவ்வொரு கேள்விக்கும் புதுப்படம், ஒவ்வொரு படத்துக்கும் நாலைந்து படி. விரலில் ஏறிய மை இப்போது கழுவினாலும் போவதில்லை. ஆனால் என் மேசைக்கு வந்த தாள்களில் கதவைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை.

தலைமை வரைவாளர் பெட்டிக்ரூவிடம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். கதவு திறந்து கிடந்தால் மேலே எத்தனை தகடு போட்டு என்ன பயன் என்றேன். மனிதர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பிறகு, மரக்கப்பல் காலத்திலேயே மருந்தறை வாசலில் கம்பளியை நனைத்துத் தொங்கவிட்டார்கள், ஒரு பொறியும் உள்ளே போகக் கூடாது என்று காவல் வைத்தார்கள் என்றார். "கதவ வரையிறதுதாம்மா நம்ம வேலை. சாத்துறது அங்க இருக்கறவன் கையில இருக்கு" என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் குனிந்துகொண்டார்.

இந்த வாரம் ரொட்டிக்கடைக்காரர் மகன் ஈவன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். இரண்டு கையிலும் கட்டு. அம்மா வெளியே போயிருந்தாள், நல்லதாகப் போயிற்று. அவனும் அதே சண்டையில் வேறொரு கப்பலில், கூண்டுக்கு அடியில் மருந்தறையில் இருந்தவன். அவர்கள் கூண்டின் மேலேயும் குண்டு விழுந்திருக்கிறது. நீ எப்படியடா பிழைத்தாய் என்று கேட்டேன்.

"எங்க பீரங்கிக் கூண்டுக்குத் தலைவன் ஒரு கெழவன், அக்கா. பைய வாங்கு, கதவச் சாத்து, பைய வாங்கு, கதவச் சாத்துன்னு உசிர எடுப்பான். அவனாலதான் எல்லாப் போட்டியிலயும் கடைசி. நாங்க அந்தாள வையாத வசவில்ல. அன்னிக்கி மேல இருந்தவங்க எல்லாரும் கருகிப் போனாங்க, நெருப்பு கீழ கதவு வரைக்கும் வந்துச்சு. கதவு சாத்தியிருந்துச்சு, கொதிக்கிற கதவத் தள்ளிப் பிடிச்ச கைதான் வெந்துச்சு, அவ்வளவுதான். கப்பலே பிழைச்சுது" என்றான்.

தேநீர்க் கோப்பையை அவனால் பிடிக்க முடியவில்லை. நான்தான் வாயில் வைத்தேன். இதை உங்கள் அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று போகும்போது அவனே சொன்னான்.

நானும் சொல்லவில்லை. அண்ணனுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, கண் மூடித் திறப்பதற்குள் முடிந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவைத்திருக்கிறேன். உடல் கிடைக்காததால் அவள் முழுதாக நம்பவும் இல்லை. ராத்திரியில் வாசல் கதவைத் தாழிட விடமாட்டேன் என்கிறாள். மாடிப்படியின் குளிர் முழுக்க வீட்டுக்குள் வருகிறது. "சாத்தாதடி, அவன் பாட்டுக்கு வந்து தட்டிக்கிட்டா நிப்பான்" என்கிறாள். அவளோடு வாதாட என்னிடம் தெம்பு இல்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுகிறேன்.

மர்டோ, உன்னிடம் வாதாடவும் தெம்பு இல்லை. ஆனாலும் கேட்கிறேன். நான் வரைந்த அந்தக் கதவைச் சாத்து. மற்றவர்கள் திட்டினால் திட்டட்டும், கிழவன் என்று பேர் வைத்தால் வைக்கட்டும். உன் ஆட்களில் நீதான் மூத்தவன், நீ சொன்னால் கேட்பார்கள். இதைப் பற்றிப் பதிலில் எழுத உன்னை விடமாட்டார்கள் என்று தெரியும். காலுறை சரியாக இருக்கிறது என்று ஒரு வரி எழுது. கதவு சாத்தியிருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். சாத்தவில்லை என்றால் காலுறையைப் பற்றி எழுதாதே. என்னிடம் பொய் மட்டும் வேண்டாம்.

அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டாள். முடித்துக்கொள்கிறேன். உனக்குத் தன் ஆசியைச் சொல்லச் சொல்கிறாள். அடுத்த தடவையும் கோப்பை உங்களுக்கே கிடைக்க வேண்டும் என்று தினமும் ஜெபிப்பதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

நான் அப்படி ஜெபிக்கவில்லையடா. எல்லாரிலும் கடைசியாக நில், யாரும் படம் எடுக்க வேண்டாம். வீடு வந்து சேர், அது போதும்.

என்றும் உன்
அக்கா எல்ஸ்பெத்