விண்கலத்தில் இருப்பவர்கள் கதி என்ன?

அனுப்புநர்:
க. வடிவு,
க/பெ. கன்னியப்பன்,
முத்தாபுதுப்பேட்டை, ஆவடி.

பெறுநர்:
தனி வட்டாட்சியர் அவர்கள்,
கேபிள் தொலைக்காட்சிப் பிரிவு,
திருவள்ளூர் மாவட்டம்.

பொருள்: பாதியில் நிறுத்தப்பட்ட விண்வெளித் தொடரின் முடிவைத் தெரிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் ராணுவ டாங்க் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வரும் பாகங்களில் குறை கண்டுபிடிப்பதே அவர் வேலை. வீட்டிலும் அதே வேலைதான். என் ரசம் ஒரு நாளும் பாஸ் ஆனதில்லை. சென்ற ஆண்டு பக்கவாதம் வந்ததிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. பேச்சுப் பயிற்சியில் 'அம்மா', 'ஆடு' சொல்ல மறுத்துவிட்டார்.

2. பொங்கலுக்குப் பிறகு ஒரு சேனலில், மாலை வேளையில், தமிழ் டப்பிங்கில் விண்வெளித் தொடர் ஒன்று வந்தது. எனக்கு ஒரு எழவும் புரியவில்லை, மன்னிக்கவும் ஐயா. செத்தவன் மறுநாளே வருகிறான். கேட்டால் வேறொரு காலத்து ஆளாம். கேப்டனம்மா மனுஷியா மெஷினா என்று அவளுக்கே தெரியவில்லை. சேனலை மாற்றப் போனேன். என் கணவர் திரையைக் காட்டி, "கதவுல ரப்பர் இல்ல. காத்து பூடும்" என்றார். பல மாதம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

3. அன்றிலிருந்து நான் கதையைத் தப்பும் தவறுமாகச் சொல்வேன், அவர் திருத்துவார். "இன்னா ஒளற்ற? கெயவன்தான் புள்ள, சின்னவன் அப்பன்" என்று ஒரு நாள் வாக்கியம் முழுசாகவே வந்தது. இந்நிலையில், விண்கலம் இரண்டாகப் பிளந்து எல்லோரும் அலறும் இடத்தில் தொடர் நின்றுவிட்டது. அதே நேரத்தில் வேறொரு தொடரைப் போட்டார்கள். அதிலும் பூமிக்கு என்ன ஆனதென்று சொல்லாமலே நிறுத்திவிட்டார்கள்.

4. கேபிள்காரர் ஜேம்ஸ்தான் வயரைப் பிடுங்கிவிட்டார் என்று நினைத்து அவரிடம் சண்டைக்குப் போனேன். "அக்கா, அது அந்த ஊர்லயே கேன்சல் ஆயிட்சி. எடுத்தவனே முடிக்கல, நான் இன்னா பண்ணுவேன்?" என்றார். ரயில் கேன்சல் ஆனால் அடுத்த ரயில் வரும். இத்தனை பேரை நடுவானத்தில் விட்டுவிட்டு கேன்சல் என்றால் என்ன அர்த்தம்? இருக்கிறார்களா, செத்தார்களா? யாரைக் கேட்பது? வானம் எந்த வட்டத்தில் சேரும் என்றும் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

5. என் கணவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார். மாலையானால் டிவி முன் உட்கார்ந்து என் முகத்தையே பார்க்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. நானே ஒரு முடிவு கட்டி, "கப்பல் பத்திரமா எறங்கிட்சி" என்று சொல்லிப் பார்த்தேன். "பொய்" என்றார். அதோடு சரி.

ஆகவே, அந்த சேனல் நிர்வாகத்தை விசாரித்து, கதையின் முடிவை அலுவலக முத்திரையுடன் எழுத்துமூலம் அனுப்பி உதவ வேண்டுகிறேன். அவர்கள் பதில் தராவிட்டால் தங்கள் அலுவலகத்தில் யாராவது யோசித்து எழுதினாலும் போதும். அது தப்பாக இருக்கலாம். தப்பாக இருந்தால் மிகவும் நல்லது, ஐயா. அவர் பேசுவார்.

இடம்: ஆவடி
நாள்: 18.06.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
க. வடிவு