கத்திரி ஜம்புவும் ஒன்பதாம் ரீலும்

ஜூலை 3, புதன்

தங்கச்சியையே கொடுத்தவன் ஒரு ஐஸ் பெட்டி கொடுக்க மாட்டானாம். கேள் ஜம்புலிங்கம், உனக்குத்தான் எழுதுகிறேன். உன் ஐஸ் கம்பெனி ஓசியில் கொடுத்த டைரியிலேயே உன்னைத் திட்டி எழுதுகிறேன். எப்படி?

பெட்டி எனக்கா? பேய்க்கு. இந்தச் சதுரங்கப்பட்டினத்து வெயிலில் பிலிம் புளித்துப் போகிறது. மீனுக்குக் குளிர்ச்சி வேண்டும் என்று தெரிந்தவனுக்கு மோகினிக்கும் வேண்டும் என்று தெரியாதா?

பதினோரு பேய்ப்படம் சேர்த்திருக்கிறேன். எல்லாம் கைக்காசு இல்லாமல் எடுத்த படம். ஒன்றில் பேய் கையில் வாட்ச் கட்டியிருக்கும். ஒன்றில் எலும்புக்கூட்டை ஆட்டுகிற நூல் தெரியும். பன்னிரண்டாவதாக 'ஈச்சங்காட்டு மோகினி' போன வாரம் வந்து சேர்ந்தாள். செங்கல்பட்டு காயலான் கடையில், உருக்கப் போக இருந்தவளை நான் மீட்டேன். பதினாலு டப்பா. மேலே சிவப்புப் பெயின்ட்டில் பிரிண்ட் நம்பர் 11. நம்ம பிரிண்ட்டேதான், மச்சான்! எண்பத்தொன்றில் நான் ஆபரேட்டராக இருந்த டூரிங் கொட்டாயில் மூன்று நாள் ஓடி, செய்யூரில் உன் கொட்டாய்க்குப் போனதே, அதே பிரிண்ட்.

அங்கேதானே முப்பது அடி காணாமல் போனது. மோகினி கிணற்றிலிருந்து எழுந்து முகத்தைத் திருப்புகிற இடம். படக் கம்பெனி ஆள் வந்து பார்த்தான், உன் ஆபரேட்டர் வேலை போயிற்று, நீ ஐஸ் விற்கப் போனாய், நான் உனக்குக் கத்திரி ஜம்பு என்று பேர் வைத்தேன். நாற்பத்துமூன்று வருஷமாக ஊரே கூப்பிடுகிறது. நீயும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாய்.

இன்றைக்கு மட்டும் என்ன முறைப்பு? டீக்கடையில் நான் புதிதாக ஒன்றும் சொல்லவில்லையே. "பொட்டியோட அந்த முப்பது அடியையும் சேத்துக் குடு, கத்திரி!" அவ்வளவுதான்.

பக்கத்தில் சென்னைக்காரர் கிருபாகரன் இருந்தார். வருகிற இருபதாம் தேதி மாமல்லபுரத்தில் இந்தப் படத்தைத் திரையில் காட்டப்போகிறவர். இந்தப் பிரிண்ட்டின் கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டு வருகிறவர்களுக்குக் கொடுப்பாராம். "வெட்டியது யார், முழுப் பேர் சொல்லுங்க" என்றார். சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தாய். "பொட்டி கெடையாது மாப்ள."

ஊர் சொன்னால் சிரிப்பாய், அச்சில் வந்தால் ரோஷமா?

ஜூலை 5

உன் தங்கச்சி வச்சலா சொல்கிறாள்: "வூடு பூரா புளிச்ச காடி நாத்தம். ஒண்ணு நான் இருக்கணும், இல்ல அந்த மோகினி இருக்கணும்." யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ராத்திரி சோறு எனக்கு மட்டும் ஆறிப்போய் வந்தது.

ஜூலை 8, திங்கள்

எட்டு ரீல் பார்த்து முடித்தேன். ஒன்பதாவது மட்டும் ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. சுற்றுச் சுற்றாகப் பிரித்து நிழலில் காயவைக்க வேண்டும். கிணறு இருக்கிற ரீல் அதுதான்.

இரண்டாம் ரீலில் என் பழைய ஒட்டு ஒன்று கிடைத்தது. அறுந்த இடத்தை நான் ஒட்டினால் பக்கத்தில் ஊசியால் சின்னதாக ஒரு மீன் கீறுவேன். யார் ஒட்டியது என்று நாளைக்கு ஒருத்தன் கேட்கக் கூடாது, பார். திரையில் கண் இமைப்பதற்குள் ஓடிவிடும். ஆபரேட்டர்களுக்குத்தான் தெரியும். ஜம்பு அந்தக் காலத்தில் கேட்பான்: "இன்னா மாப்ள, மீனுக்கு வால் கோணிகினு கீது? கருவாடா?"

பெட்டி தராதவனை நான் ஏன் நினைக்கிறேன்?

ஜூலை 11, வியாழன்

ஒன்பதாம் ரீல் பிரிந்துவிட்டது. கையில் தட்டியது, வெட்டி ஒட்டிய இடம். மோகினியின் தலைமுடி கிணற்றுக்கு மேலே வருகிறது, அடுத்த கட்டத்தில் கதாநாயகன் ஓடுகிறான். முகம் இல்லை. மாட்டினடா கத்திரி என்று லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

பக்கத்தில் ஒரு மீன்.

என்னைப் போலவே வேறு யாராவது கீறியிருப்பானோ? ஜம்புவே குறும்புக்குக் கீறியிருப்பானோ?

வால் கோணல்.

இன்னாடா இது. நான் எங்க வெட்னேன்? நான் எதுக்கு வெட்டப்போறேன்?

ஜூலை 12, வெள்ளி

மகள் யோகேஸ்வரிக்குப் பிறந்தநாள். செங்கல்பட்டிலிருந்து கேக்கோடு வந்தாள். வச்சலா ஒவ்வொரு வருஷமும் சொல்கிற கதையை ஆரம்பித்தாள்.

"நெற மாசம். உங்க நைனா கொட்டாய்லதான் முறுக்கு வித்துகினு இருக்கேன். மொத ஆட்டத்துல அந்தப் பேய் மூஞ்சியத் திருப்புச்சு பாரு, வவுத்தப் புடிச்சிகினேன். ரெண்டாவது ஆட்டத்துலயும் அது வந்தா இங்கயே பெத்துடுவேன்யான்னு கத்தினேன். உங்க நைனா அதைக் காட்டவே இல்ல. பேய் வரல, நீதான் வந்த!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் கேக்கைத் தட்டிலேயே திரும்ப வைத்தேன்.

நாற்பத்துமூன்று தடவை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட என் காதில் விழவில்லை.

ஆமாம். இரண்டு ஆட்டத்துக்கும் நடுவில் வெட்டினேன். சுருட்டிச் சட்டைப் பையில் போட்டேன். பழக்கதோஷம், ஒட்டிய இடத்தில் மீனையும் கீறினேன். காலையில் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று இருந்தேன். படம் முடிவதற்குள் இவளுக்கு வலி. மீன் லாரியில் ஏற்றிச் செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விடிந்ததும் யோகு. நாலு நாள் கழித்து நான் திரும்பி வந்தபோது பிரிண்ட் செய்யூருக்குப் போயிருந்தது. சந்தோஷத்தில் எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை.

கம்பெனி ஆள் வந்து கேட்டான், உன்கிட்டயிருந்து முழுசாத்தான் போச்சா என்று. முழுசாத்தான் என்றேன். மடியில் இருந்த குழந்தையின் தலையில் கையை வைத்துச் சொன்னேன்.

"சட்டையில ஒரு பிலிம் சுருள் இருந்துச்சே, என்ன ஆச்சு?" என்று சும்மா கேட்பதுபோல் வச்சலாவைக் கேட்டேன்.

"அதுவா? தூளிக் கயிறு தேயக் கூடாதுன்னு கொக்கியில சுத்தினேன். அப்பால எங்க போச்சோ."

யோகு, மோகினிதான் உன்னைத் தூளியில் ஆட்டியிருக்கிறாள் என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வேறு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு மாசம் ஓட்டியிருப்பேன்.

ஜூலை 13

வச்சலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டாள். எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே திரும்பவும் கழுவினாள்.

ஜூலை 15, திங்கள்

கிருபாகரனுக்குப் போன் போட்டேன். "வெட்டினது ராஜாராம்னு போடுங்க. நான்தான்."

"நீங்களா ஐயா? அப்ப ஜம்புலிங்கம் பேரை எடுத்துடவா?"

"எடுக்காதீங்க. செய்யாத தப்புக்கு வேலை போனவர்னு போடுங்க. எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கட்டும்."

ஜூலை 16

மூன்று நாளைக்குப் பிறகு வச்சலா வாயைத் திறந்தாள். "ஊருக்கெல்லாம் சொல்லு. எங்கண்ணங்கிட்ட சொன்னியாயா?"

இல்லை. இரண்டு தடவை அவன் ஷெட் வரைக்கும் போனேன். இரண்டு தடவையும் டீக்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். பேயைப் பார்த்தால் சிரிக்கிறவன் நான். மச்சானைப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

ஜூலை 17, புதன், ஆடி ஒண்ணு

வச்சலா ஒரு தூக்கில் கூழை ஊற்றிக் கையில் கொடுத்தாள். "எங்கண்ணனுக்கு."

ஜம்பு ஷெட் வாசலில் நின்று லாரிக்கு ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தான். "மச்சான்" என்றேன். திரும்பி என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"இன்னா, மச்சான்ற? ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒம்பதாம் ரீலைப் பிரிச்சேன். ஒட்டு கீது. ஒட்டுக்குப் பக்கத்துல..."

"வால் கோணிகினு கீதா?"

மீன் என்று நான் இன்னும் சொல்லவேயில்லை. அங்கேயிருந்த காலி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும். ரீல் சுத்தறப்பவே கைல தட்டுச்சு."

"அப்ப சொல்றதுக்கு இன்னாடா! கம்பெனிக்காரன்கிட்ட காட்டியிருந்தா உன் வேலை..."

"உன் வேலை போயிருக்கும். வச்சு நாலு நாள் புள்ளயோட கீறா. வூட்டுல யாராச்சும் ஒருத்தன் சம்பளம் வாங்க வேணாம்?" தூக்கைத் திறந்து முகர்ந்து பார்த்தான். "வெங்காயம் போட்டுக்கிறாளா?"

"அப்பால சொல்லியிருக்கலாமே! இத்தினி வருஷமா நான் கத்திரி, கத்திரின்னு..."

"நீயே எப்பனா பார்ப்பேன்னு இருந்தேன். நீ அந்தச் சென்னைக்காரன் நோட்ல எழுத வெச்ச."

"மாத்தச் சொல்லிட்டேன் மச்சான். கேளு. நான் அந்தக் கொழந்த தலைல கைய வெச்சு..."

"லாரிக்கு நேரமாச்சு. ஐஸ் கரையுது."

தூக்கை எடுத்துக்கொண்டு நடந்தான். நான் முதுகைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தேன், கம்பெனி ஆள் கேட்டது, நான் சத்தியம் பண்ணியது. பாதிகூட முடிக்கவில்லை. லாரிக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டான். அங்கேயிருந்து குரல் மட்டும் வந்தது. ஏற்றுக் கூலிக்காரர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

"குந்திகினு கீறியே, அந்தப் பொட்டிய எத்துகினு போ. நல்லா கழுவிட்டு வெய்யி. மோகினி மேல மீன் கவுச்சி அடிக்கப் போவுது... டேய் கத்திரி!"