பதினான்காம் பிறவி

வாசல் நிலையம், சனிக் கோளின் சுற்றுப்பாதை
காவலர்: சிதம்பரநாதன், பதின்மூன்றாம் பிறவி

நாள் 2207 – 06:10
காற்றழுத்தம் சரி. மின்சாரம் சரி. வெளிக்கதவில் கரையான்கள் பதினொன்று. பாறை உடைக்கச் செய்த சுரங்க எந்திரங்கள் இவை. புத்தி பிசகி, நிலையத்தையும் பாறை என்று நினைத்து அரிக்கின்றன. நான்கைச் சுட்டேன். முழங்கால் வலிக்கிறது. இந்த உடம்புக்கு வயது எட்டு மாதம்தான், அதற்குள் கிழடு தட்டிவிட்டது.

நாள் 2207 – 13:40
இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் செத்தால் நிலையத்தின் எந்திரம் என்னைப் புது உடம்பில் எழுப்பும். புது மூளையில் இடம் குறைவு. ஒவ்வொரு முறையும் ஒரு நினைவைக் கொடுத்தாக வேண்டும். எதைக் கொடுக்கிறாய் என்று முன்கூட்டியே கேட்கும். நீச்சலைக் கொடுத்தேன். அம்மா வைத்த மீன் குழம்பின் ருசியைக் கொடுத்தேன். ஒன்பதாவது சாவில் மனைவியின் முகம் போயிற்று. படத்தில் யாரோ பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி இருக்கிறாள். ஊரில் யாருக்கும் முற்பிறவி ஞாபகமில்லை, கொடுத்து வைத்தவர்கள். என்னிடம் மீதி இரண்டுதான். ஒன்று, இந்த வேலை. இன்னொன்று, என் மகள் பூங்கோதை.

நாள் 2208 – 09:15
வந்த செய்தி: "அப்பா, பூங்கோதை பேசுறேன். கப்பல்ல காத்து தீந்துக்கிட்டே வருது. அஞ்சு மணி நேரம் தாங்கும். இருநூத்திப் பன்னெண்டு பேர் இருக்கோம். கதவைத் திறந்து வைங்கப்பா."
பதினேழு வருடம் கழித்து நேரில் வருகிறாள். பாதி பயம், பாதி சந்தோஷம்.

நாள் 2208 – 11:30
கரையான்கள் பூட்டைக் கடித்துவிட்டன. கதவு உள்ளிருந்து திறக்காது; வெளியே போய்க் கையால் சுற்ற வேண்டும். அங்கே முப்பது கரையான்கள். பாதி திறப்பதற்குள் என்னை முடித்துவிடும். மீதியைப் பதினான்காமவன்தான் திறக்க வேண்டும். அவன் வேலையை மறந்திருந்தால் கப்பலில் ஒருவரும் பிழைக்க மாட்டார்கள். எதைக் கொடுக்கிறாய் என்று எந்திரம் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

நாள் 2208 – 12:05
பதில் சொல்லிவிட்டேன். அழுதேன், எழுதுவதற்கு வெட்கமில்லை. நேரமில்லை, கரையான்கள் கதவை இடிக்கின்றன. புதியவனே, அவள் ஒரு விஷயத்தைச் சொல்லத் தொடங்கினால் பாதியில் சிரித்துவிடுவாள். மீதியை நாம்தான் ஊகிக்க வேண்டும். ரொம்ப நல்ல பெண். அவளை

நாள் 2208 – 13:50
காவலர்: சிதம்பரநாதன், பதினான்காம் பிறவி
எழுந்ததும் துப்பாக்கியோடு ஓடினேன். கதவடியில் என் முகத்தோடு ஒருவன் கிடந்தான். தாண்டிப் போனேன். மிச்சமிருந்த பத்தொன்பது கரையான்களையும் சுட்டேன். மீதியைக் கையால் சுற்றினேன்; கதவு முழுதாகத் திறந்தது. கப்பல் சேர்ந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பத்திரம்.

நாள் 2208 – 15:20
மேலே உள்ள குறிப்புகளை இப்போதுதான் படித்தேன். எனக்கு ஒரு மகள் இருக்கிறாளாம். கிருமி நீக்கும் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வெகு நேரமாக அழுதுகொண்டு நிற்கிறாள். ஒலிபெருக்கியில் அவள் குரல்: "ஏன்ப்பா என்னை யாரோ மாதிரி பாக்குறீங்க?"
களைப்பு என்று சொன்னேன். நம்பிவிட்டாள்.