இளங்கீரனார்க்கு இட்ட இலை

நலம் பெருகுக. உப்பும் முத்தும் குன்றாத உவர்த்துறை நாட்டை ஆளும் கடலாழி வேந்தரின் திருமுன்பு, வெண்குன்றை நாட்டு முதுமந்திரியும், மூன்று அரசர்க்கு முடி எடுத்துக் கொடுத்த குடியின் தலைவருமாகிய ஆதன் அழிசியார் எழுதுவித்து விடுக்கும் ஓலை. தங்கள் கலங்கள் நலமே கரை சேர்க.

அழிசியாரின் தம்பி இளங்கீரனார், எல்லை ஆற்று நீரைப் பங்கிடுவது பற்றிப் பேசத் தூதராகத் தங்கள் அவைக்கு வந்தார். அங்கு நிகழ்ந்ததை, உடன் சென்ற பல்லக்குக்காரர்கள் தனியே திரும்பி வந்து உரைத்தனர்.

அவையில் ஓர் இருக்கை மட்டும் காலியாக இருந்ததாம். துடைத்து, புதுப் பூ வைக்கப்பட்டிருந்ததாம். இக்குடியில் பிறந்தவர் எந்த அரசர் முன்பும் நின்று பேசியதில்லை. அது முன்னோர் பெற்றுத் தந்த உரிமை. வெண்குன்றையில் காலி இருக்கை என்றால் அது விருந்தினர்க்கு உரியது. ஆகவே இளங்கீரனார் எவரையும் கேளாமல் சென்று அமர்ந்தார். அவை முழுவதும் எழுந்து நின்றது. மரியாதை என்று எண்ணி அவர் தலையசைத்தாராம்.

அது கடல் கொண்டுபோன துறைக்காவலர் மாநாகனின் இருக்கை. கடலில் மறைந்தவனுக்கு உவர்த்துறையில் ஈமக்கடன் இல்லை. அவன் இருக்கையில் அமர்பவன் எவனோ, அவனே கடலிலிருந்து திரும்பி வந்தவன் என்பது தங்கள் நாட்டுச் சட்டம். முதியவர் ஒருவர் ஓடி வந்து இளங்கீரனாரின் கன்னத்தைத் தடவி, “இவ்வளவு காலம் எங்கேயடா போய்த் தொலைந்தாய், நாகா? உன் அம்மா உன்னைப் பார்க்காமலே போய்விட்டாளே!” என்று அழுதார். இளங்கீரனார் சிரித்து, “பெரியவரே, ஆள் மாறிவிட்டது. நான் மலைநாட்டான், எனக்கு நீந்தவே தெரியாது” என்றார். அவையோரும் சிரித்து, “கடலுக்குள் போய் வந்தவன் எல்லாம் முதலில் இப்படித்தான் சொல்வான்” என்றனர்.

பல்லக்குக்காரர்கள் புறப்படும் நாளில் அவரை அழைக்கச் சென்றபோது, கரையில் அமர்ந்து வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். “இளங்கீரனாரே” என்று கூப்பிட்டதும், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று அவரும் சுற்றிலும் பார்த்தார்.

அவரை அனுப்புக என்று முன்னரே ஓலை விடுக்கப்பட்டது. இளங்கீரன் என்று எவரும் இங்கில்லை எனத் தங்கள் மறுமொழி வந்தது. அன்றே யானைப்படை புறப்பட்டிருக்கும். ஆனால் அதற்குள் இங்கே ஒன்று நிகழ்ந்தது.

வெளியூர் சென்றவர் திரும்பும்வரை, நண்பகல் உணவின்போது அவர் மணையின் முன் இலை போடுவது வெண்குன்றை வழக்கம். பசித்து வந்தவர் எவரும் அதில் அமரலாம். அமர்ந்தவரின் பெயரைக் கேட்பதோ, எழுப்பி விடுவதோ இந்நாட்டில் குற்றம். ஒருநாள் ஒருவர் வந்து அமர்ந்தார். கோடையில் மலையில் ஒரு துளி மழை இல்லை. அவர் ஆடையிலிருந்து நீர் சொட்டியது. உண்டு முடித்து, இளங்கீரனாரின் மனைவி கொன்றையாளை நிமிர்ந்து பார்த்து, “கொன்றை, இன்றைக்கும் புளி குறைவு” என்றார்.

கொன்றையாள் அழிசியாரிடம் வந்து, “மூத்தவரே, முகம் அவர் முகம் இல்லை. ஆனால் இந்தக் குறையை உலகத்தில் அவர் ஒருவர்தான் சொல்வார். எழுப்பி அனுப்புங்கள்” என்றாள். நம் இலையில் அமர்ந்தவரை எழுப்பும் வழக்கம் இக்குடிக்கு இல்லை என்று அழிசியார் கூறினார். “அவர் எந்த அவையிலும் நிற்க மாட்டார், நீங்கள் எவரையும் எழுப்ப மாட்டீர்கள். உங்கள் குடிப் பெருமைக்கு நான் இன்னும் யார் யாருக்குச் சோறு போட வேண்டும்?” என்று அவள் கேட்டாள்.

வந்தவர் இன்றுவரை மணையை விட்டு எழவில்லை. அவர் சாய்ந்திருக்கும் சுவரில் உப்புப் பூக்கிறது.

எந்நாட்டுச் சட்டம் சரி என்று வழக்காட இவ்வோலை எழுதப்படவில்லை. தங்கள் சட்டம் எம் தம்பியைப் பிடித்து வைத்திருக்கிறது. எம் சட்டம் இவரை உட்கார வைத்திருக்கிறது. இக்குடியின் ஓலையில் அண்ணன் தம்பி இருவரின் பெருவிரலும் அரக்கில் பதிய வேண்டும். இவ்வோலை எழுதி முடிந்ததும், கேளாமலே இவர் கை நீட்டினார். சூடான அரக்கு அவர் விரல் பட்டதும் குளிர்ந்து இறுகியது. அப்பதிவை அழிசியார் பார்க்கவில்லை. துணியால் மூடிக் கட்டுவித்தார்.

இளங்கீரனார் முன்பு இட்ட பதிவு தூதோலையில் தங்களிடம் உள்ளது. இரண்டையும் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுக. வேறுபட்டிருந்தால், இங்கிருப்பவர் இளங்கீரனார் அல்லர். அங்கிருக்கும் எம் தம்பியைத் தாமதமின்றி எல்லையில் கொண்டுவந்து ஒப்படைக்க. இது ஆணை.

ஒத்திருந்தால், மறுமொழி வேண்டா; இவ்வோலையை எரித்துவிடுக. வலை பிரிக்கும் அம்மனிதரிடம் மட்டும் இதைச் சொல்க: அவர் மணைக்கு அருகே வேறொரு மணையிட்டு, நாள்தோறும் இன்னோர் இலை போடப்படுகிறது. வேறெவரும் அதில் அமராதபடி, உணவு முடியும்வரை ஆதன் அழிசியார் அதன் அருகே நிற்கிறார்.