என் கையெழுத்து இல்லாத ராஜினாமா

தாது வருஷம், ஐப்பசி 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். பள்ளியில் மூன்றாம் பாரத்துப் பெண்களின் கட்டுரை நோட்டு இருபத்தாறு, திருத்தியது ஒன்பது.

எதிர்க் காபி கிளப்பில் புது கிராமபோன் பிளேட். யாரோ நாடகக்காரி பாடியது. "ஏவினால் ஓடிவர உன் செருப்பா நான்? எழுந்து போகிறேன் பார்." தயிர்க்காரம்மாகூட முணுமுணுக்கிறாள். எனக்கும் பிடிக்கும். யாரிடமும் சொன்னதில்லை.

சாயந்திரம் மாமன் மகன் ராமசாமி கொடுமுடியிலிருந்து வந்தார், இரண்டு சிநேகிதர்களோடு. வெள்ளிக்கிழமை எனக்கும் அவருக்கும் உப்புச் சர்க்கரை. இரு வீட்டாரும் கடைக்குப் போய் உப்பும் சர்க்கரையும் வாங்கி மாற்றிக்கொண்டால் கல்யாணம் உறுதி. பிறகு பின்வாங்கல் கிடையாது. பெண் போக வேண்டியதில்லை.

"அம்மணி, அந்த இங்கிலீஷ் பேப்பரைக் கொஞ்சம் படிச்சுக் காட்டு. நீ பி.ஏ.ன்னா இவங்க நம்பமாட்டீங்கறாங்க."

நின்றபடி அரைப் பத்தி படித்தேன். சிரிப்பு.

"போதும் போதும். போய்க் காப்பி கொண்டா. படிச்ச காப்பி எப்படி இருக்குதுன்னு பாக்கலாம்."

காப்பி வரும்வரை ராமசாமி சீட்டியடித்துக்கொண்டிருந்தார். அதே பாட்டு! வார்த்தை காதில் விழவே இல்லையா அந்த மனுஷனுக்கு?

ஐப்பசி 5, புதன்

தலைமை ஆசிரியை கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு கடிதம். ராமசாமி நேற்று மத்தியானமே பள்ளிக்கு வந்து கொடுத்துப் போயிருக்கிறார். "கல்யாணம் நிச்சயமாகிவிட்டபடியால் மேற்படி பெண் இம்மாதக் கடைசியோடு வேலையிலிருந்து நின்றுகொள்வாள்." மேற்படி பெண்! கீழே அவர் கையெழுத்து.

"உனக்குச் சம்மதந்தானா அம்மா?"

பேசாமல் நின்றேன். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கடிதத்தைக் காகிதக் கட்டோடு சேர்த்துவிட்டார். தப்பு என்னுடையது. பதில் தெரிந்தும் வாய் திறக்காத பெண்களை வகுப்பில் நிற்க வைப்பவள் நான்.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன்.

"ஆம்பளைங்க செய்யறதுதானே, கண்ணு. அடிச்சானா, வஞ்சானா? ஒரு காயிதந்தானே குடுத்துப்போட்டான்."

ஆக, அடி விழும்வரை காத்திருக்க வேண்டும்.

ஐப்பசி 6, வியாழன்

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது: "அக்கடிதம் என்னுடையதன்று. நான் வேலையை விடவில்லை." அவ்வளவுதான். கையெழுத்து, பி.ஏ. உட்பட. எங்கள் வீட்டில் முதல் பட்டம். முதல் தடவையாக எனக்கே உபயோகப்பட்டது.

முதல் மணிக்கு முன்பே கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமை ஆசிரியை படித்துவிட்டு ரா.வின் கடிதத்தை உருவி என்னிடமே தந்தார். "நேற்றே சொல்லியிருக்கலாமே?" ஆமாம்.

ஐப்பசி 7, வெள்ளி

ஒன்பது மணிக்கு மாமா, அத்தை, ரா., பங்காளிகள் நாலு பேர். ஆண்கள் கடைக்குப் புறப்பட எழுந்தார்கள். நான் உள்ளிருந்து கூடத்துக்கு வந்தேன், கடிதத்தோடு.

"இத என்னயக் கேக்காம ஏன் குடுத்தீங்க, மச்சான்?"

"உன்னய எதுக்குக் கேக்கோணும்? என்ர ஊட்டுக்கு வாரவதானே?" பங்காளிகள் பக்கம் திரும்பி, "டீச்சரம்மா நம்மளப் பெஞ்சு மேல ஏத்திப்போடுவாங்களாட்ட இருக்குதுங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்.

"கடைக்குப் போகாதீங்க, மாமா. எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

மாமா காதருகே கை வைத்தார். "என்ன சொல்லுது புள்ள?"

இரண்டாம் தரம் சொன்னேன். தெருவரை கேட்டிருக்கும்.

"வேற எவளாச்சும் கும்பிட்டுக்கிட்டு வருவா," என்றார் ரா. வரட்டும். பாவம் அவள்.

அத்தை அழுதுகொண்டே செருப்பைத் தேடினாள். அவளிடம் மட்டும் கோபம் இல்லை. பத்து மணிக்கு வீடு காலி.

மத்தியானம் யாரும் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். பசித்தது.

சாயந்திரம் அப்பா அம்மாவிடம், என் காதில் விழும்படி: "திங்கக்கெழமையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வண்டி கட்டவேண்டாம்னு சொல்லிப்போடு."

நடந்தால் இரண்டு மைல்தான். எட்டு மணிக்கே கிளம்பினால் போதும்.