உன் காரில் அம்மாவுக்கொரு சாய்மானம்

வட்டகொடை

அன்பு மகன் ஜீவராஜுக்கு அப்பா எழுதுவது. கத்தார் வெயிலுக்கு ஈடுகொடுத்து நீ சுகமாக இருக்கவேண்டும், எங்கள் வேண்டுதல் அதுதான். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை, இருக்கிறோம் என்று வைத்துக்கொள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள், அவளை வைத்துக்கொண்டு அவளைப் பற்றிப் பேச முடியவில்லை. அதனால் எழுதி, திலக்ஷனிடம் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொல்லப் போகிறேன்.

பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு அம்மாவை மாதாமாதம் நுவரெலியா கிளினிக்குக்கு நீ விட்டுப்போன காரில்தான் கூட்டிப்போகிறோம், பக்கத்து லயத்து வீட்டுத் திலக்ஷன்தான் ஓட்டுகிறான். பின் சீட்டில் கால் மடக்க முடியாததால் முன்னால் உட்கார வைப்போம். பெல்ட் போட்டாலும் வளைவுக்கு வளைவு வலது பக்கம் சரிந்து அவன் தோளிலேயே விழுகிறாள். அவன் தோளைக் கொடுத்தபடியே ஓட்டுகிறான். இவள்தான், "வயசுப் பையன் மேல போயி விழுந்துகிட்டு, எனக்கு வெக்கமா இருக்குங்க, இனி நான் வரல" என்று பிடிவாதம் பிடித்து ஒரு தடவை கிளினிக்கையே விட்டுவிட்டாள். மருந்து தவறினால் மறுபடி வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருக்கிறார். அந்தப் பயத்தில்தான் இரண்டு சீட்டுக்கும் நடுவே அவள் சாய்ந்துகொள்ள பைபர் கிளாஸில் ஒன்று செய்வோம் என்று இறங்கினேன். திலக்ஷன் வீடியோ போட்டுக் காட்டினான், பார்க்கச் சுலபமாகத்தான் தெரிந்தது.

அம்மாவை சீட்டில் உட்கார வைத்து, விலாவோடு ஒட்டினாற்போல் அளவெடுத்து, பலகையில் சட்டம் அடித்து, பழைய பெட்சீட்டை இழுத்துக் கட்டி அதன்மேல் கடையில் வாங்கின ரெசின் பசையைப் பூசினேன். அதோடு ஒரு சின்னப் போத்தலும் கொடுத்திருந்தார்கள், பிரஷ் கழுவத்தான் என்று ஒதுக்கி வைத்துவிட்டேன். பூசியது காயவே இல்லை, தொட்டால் பலாப்பால் மாதிரி ஒட்டியது. பெக்டரியில் தேயிலையைக் காயவைத்தே தலை நரைத்தவன் என்ன நினைப்பான், பனிக்காலம், சூடு போதவில்லை என்றுதான். அடுப்பங்கரையில் வைத்து வாரக்கணக்கில் விறகெரித்தேன். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா, "அண்ணே, இந்த வாடையில சோறு எறங்க மாட்டேங்குதுங்க" என்று வந்து நின்றாள். கடைசியில் தலவாக்கலைக்குப் போய் சாமான் வாங்கின கடை இன்சாபிடம் கேட்டால் அவர் சிரிக்கிறார். "இது காயுற சாமான் இல்லீங்க ஐயா, அந்தச் சின்னப் போத்தல்ல உள்ளதக் கலந்தாத்தான் இறுகும். கூடிப்போனா வெடிச்சிரும், பாத்து ஊத்துங்க" என்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள், நான் யானையும் இல்லை. எல்லாவற்றையும் பிய்த்தெறிந்துவிட்டு, அதே சட்டத்தில் புதிதாகத் துணி கட்டி, கலந்து பூசி, பைபரை ஒட்டினேன், அன்றைக்கே கல்லாகிவிட்டது. தேய்த்த தூசி உடம்பெல்லாம் அரித்து, இருமல் இன்னும் விடவில்லை. களைத்துப் போனேன் ஜீவா, இந்த வயதில் இதெல்லாம் முடியவில்லை.

போன செவ்வாய்க்கிழமை அதைக் காரில் பூட்டி அவளை உட்கார வைத்தேன். சாய்மானத்துக்கும் அவள் விலாவுக்கும் நடுவே என் கை முழுதாகப் போகிறது. அளவில் பிழை இல்லை, அளந்த நூலை வைத்து மறுபடி பார்த்துவிட்டேன். நான் அடுப்பெரித்துக்கொண்டிருந்த நாட்களில் அவள் அவ்வளவு மெலிந்துவிட்டாள், ஒரே வீட்டில் இருந்தும் என் கண்ணில் படவில்லை. உனக்கு எப்படித் தெரியும், நீ வீடியோவில் கூப்பிடும்போதெல்லாம் சால்வையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டுதான் உட்காருகிறாள், நீயும் அம்மா நல்லா இருக்காங்க என்கிறாய். இறுகினதை இனி வளைக்க முடியாது. அதனால் அலமாரியில் கிடந்த உன் நீல ஸ்வெட்டரை மடித்து அந்த இடைவெளியில் வைத்தேன். கிளினிக்குக்குப் போகும் வழியில் நானுஓயா வளைவுகளில்கூட அவள் சரியவில்லை, இடது கையால் அந்த ஸ்வெட்டரின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். டாக்டர் புதிதாக இரத்தம் சோதிக்கச் சொல்லியிருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, வெயிலில் நின்று வேலை செய்யாதே. லீவுக்கு இப்போதே எழுதிக் கொடு, சித்திரைக்குப் பார்ப்போம் என்று தள்ளிப் போடாதே. முருகன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். வரும்போது உனக்கென்று ஒரு ஸ்வெட்டர் வாங்கி வா, இங்கே குளிர் கூடிவிட்டது, அந்த நீல ஸ்வெட்டரை அவளிடமிருந்து என்னால் திருப்பி வாங்க முடியாது.

உன் வரவைப் பார்த்திருக்கும் அப்பா,
ஆண்டியப்பன்